தீர்ப்புக்குப் பின் வந்த சட்டம்

மேவிஸ் ஹோல்ராய்ட் யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற ஆள் இல்லை. பாதிரியார் தெருவில் சிரித்துக்கொண்டே எதிரே வந்தால், தேவாலயக் கூரைக்கு மறுபடியும் வசூலா என்றுதான் முதலில் நினைப்பாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடையில் எழுதிப் போட்டிருந்தால், அந்த இலவசத்துக்கு என்ன வியாதி என்று டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஸ்கார்த்விக் என்ற அந்த யார்க்‌ஷயர் கடற்கரை ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். "எதிர்ல வர்றவன் இண்டிகேட்டர் போட்டிருந்தா திரும்பப் போறான்னு அர்த்தமில்ல, கண்ணு. பல்பு எரியுதுன்னு மட்டும்தான் அர்த்தம்" என்பாள். அவளிடம் படித்தவர்கள் விபத்தில் சிக்குவது குறைவு. போய்ச் சேருவதும் தாமதம்தான்.

அவள் கணவன் ரெஜ் நண்டு பிடிக்கிறவன். சின்னப் படகு, பழைய இன்ஜின், வாய் திறந்தால் கால்பந்து. ஒரு பிப்ரவரி காலையில், வடக்குப் பாறைகளுக்கு அருகே, அந்த இன்ஜின் நின்றுபோனது. குன்றின் மேலிருந்த கண்காணிப்பு மாடத்தில் அப்போது ஆர்தர் பெல் காவலில் இருந்தார். தொலைநோக்கியில் படகு பக்கவாட்டாகத் திரும்புவதைப் பார்த்தார். உயிர்காப்புப் படகுக்கு உடனே தொலைபேசியில் சொன்னார். ரெஜ் உதடு நீலம் பாரித்து வீடு வந்து சேர்ந்தான். அன்று மேவிஸ் ஆர்தருக்கு ஒரு பழக் கேக் செய்து எடுத்துப் போனாள். யாருக்கும் அவள் சும்மா கேக் கொடுத்ததாக ஊரில் அதற்கு முன் பேச்சு இல்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் துறைமுக அலுவலகக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கிழக்குக் கரையில் ஒன்பது மாடங்களை மூடுவதாக அமைச்சர் உத்தரவிட்டிருக்கிறார். ஸ்கார்த்விக்கும் அதில் ஒன்று. ரெஜ் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கினான். மேவிஸ் அதே அறிவிப்பின் முன்னால் வெகுநேரம் நின்றாள். மூடுகிறவன் காரணம் சொல்லும்போது 'நவீனம்' என்ற சொல்லை இத்தனை தரம் போட்டிருந்தால், உண்மைக் காரணம் வேறு என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரம் அவளிடம் கார் பழகிக்கொண்டிருந்தவர் ஜெரால்ட் ஃபென்விக். யார்க் நகரத்து வழக்கறிஞர். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஸ்கார்த்விக்குக்குக் குடிவந்தவர். நாற்பது வயது. ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவர். ரவுண்டானாவைக் கண்டாலே அவருக்குக் கை வியர்க்கும்.

"அவங்களால அப்படி மூட முடியாது, மிசஸ் ஹோல்ராய்ட்," என்றார் அவர், இரண்டாவது கியரைத் தேடிக்கொண்டே. "பழைய சட்டம் ஒண்ணு இருக்கு. மாடத்தை மூடறதுக்கு முன்னால ஊருக்கு வந்து விசாரணை வெச்சு, ஜனங்க சொல்றதைக் கேட்கணும். அமைச்சர் யாரையும் கேட்கலையே."

"கேட்டிருந்தா மட்டும் விட்டுடுவாரா?"

"மாட்டார். ஆனா கேட்டே ஆகணும். கேட்காம போட்ட உத்தரவு செல்லாதுன்னு கோர்ட் சொல்லும்."

"நேரா பாருங்க. லாரி வருது." லாரி போன பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

ஃபென்விக்குக்கு முகம் சிவந்துபோனது. ஏழைகளுக்கான அரசு சட்ட உதவி உண்டு, அவள் கையிலிருந்து எதுவும் போகாது, தனக்கும் இப்படி ஒரு வழக்கு நடத்திப் பார்க்க ஆசை என்றார். ஆசை என்று ஒருவன் சொன்னால் அதை நம்பலாமா கூடாதா என்று மேவிஸ் இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில், ஒரு காலையில் ரெஜ் மறுபடியும் கடலுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, வழக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அதே சமயம் அவள் ரெஜ்ஜோடு தொகுதி எம்.பி.யையும் போய்ப் பார்த்தாள். டெரிக் மார்ச்பேங்க்ஸ் ஆளுங்கட்சிக்காரர். கன்னம் பளபளக்கிற, பெயர் மறக்காத மனிதர். அவர் மகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் மேவிஸ்தான்.

"மேவிஸ், இந்த விஷயத்துல நான் உங்க பக்கம்," என்று அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மாடத்துக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் ரெஜ் சொன்னான்: "நல்ல மனுஷன்தானே?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சாரே, பாத்தியா?" என்றாள் மேவிஸ். ஆனாலும், இதைச் சொல்லியாக வேண்டும், அவரைப் பற்றி அவள் சந்தேகப்பட்டது மேலோட்டமாகத்தான். தன் ஓட்டை வாங்கிப் போன ஆள் என்று மனசுக்குள் ஓர் உரிமை இருந்தது.

முதல் நீதிபதி அமைச்சர் பக்கம் சொன்னார். அடுத்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளும் மேவிஸ் பக்கம் சொன்னார்கள். அமைச்சர் விடவில்லை, நாட்டின் கடைசி நீதிமன்றத்துக்குப் போனார். மேவிஸும் ஃபென்விக்கும் ரயிலேறி லண்டன் போனார்கள்.

கடைசி நீதிமன்றம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தபோது மேவிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனிக் கட்டடம் இல்லை. நாடாளுமன்றத்துக்குள்ளேயே, பிரபுக்கள் சபையின் மாடியில் ஒரு நீள அறை. நீதிபதிகளும் அந்தச் சபையின் உறுப்பினர்களே.

"இருங்க," என்று படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். "அமைச்சர் வேலை பாக்கற அதே கட்டடத்துல உக்காந்துக்கிட்டு அமைச்சர் செஞ்சது தப்புன்னு சொல்லுவாங்களா?"

"அவங்க சுதந்திரமானவங்க, மிசஸ் ஹோல்ராய்ட். ரொம்ப காலமா இப்படித்தான்."

"ரொம்ப காலமாங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு." வாசலில் நின்ற சேவகரிடம் கேட்டாள்: "ஏங்க, இந்த நீதிபதிங்க மத்தியானம் எங்க சாப்பிடுவாங்க?"

"கீழே, பிரபுக்கள் சாப்பாட்டறைல, மேடம்."

"அமைச்சருங்களும் அங்கதானா?"

"பிரபுவா இருந்தா, அங்கதான்."

மேவிஸ் ஃபென்விக்கைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அவர் தன் கைப்பையின் பூட்டைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கழிப்பறை தேடி நடைபாதையில் போனவளுக்கு, கசங்கிய சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு வயசாளி வழி காட்டினார். "இடது பக்கம் திரும்புங்கம்மா, படியைப் பாத்து, கொஞ்சம் உசரமா இருக்கும்" என்றார் அன்பாக. ஏதோ அலுவலகத்துப் பெரியவர் என்று நினைத்துக்கொண்டாள். விசாரணை தொடங்கியபோது அவர் வளைந்த மேஜைக்குப் பின்னால் ஐவரில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். அங்கியும் இல்லை, பொய்முடியும் இல்லை. பொய்முடியெல்லாம் எதிரே நின்று வாதாடுகிறவர்களுக்குத்தான். மேவிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள்: நான் யாரென்று தெரிந்தே நல்லவர் வேஷம் போட்டாரா?

பகல் இடைவேளையில் இன்னொரு காட்சி. அவளுக்காக வாதாட ஃபென்விக் அமர்த்தியிருந்த பெரிய வழக்கறிஞரும் அமைச்சர் பக்கத்து வழக்கறிஞரும் ஜன்னலோரம் தேநீர்க் கோப்பையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஃபென்விக்கும் கூட நின்று சிரித்தார்.

"என்ன சிரிப்பு அங்க?" என்று அவர் திரும்பி வந்ததும் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, அவங்க ரெண்டு பேரும் ஒரே கல்லூரி. பழைய வாத்தியாரைப் பத்திப் பேசினாங்க."

"என் புருஷன் உசுரு போற விஷயத்துக்கு நடுவுல?"

"தொழில்ல அப்படித்தான்..."

"அடிச்சுக்கிறவங்க ரெண்டு பேரும் இவ்வளவு சிரிச்சா, அடி வாங்கப் போறது மூணாவது ஆள்னு அர்த்தம்," என்றாள். ஊர் திரும்பும்போது ரயிலில் ஃபென்விக்கை விட்டு வேறு பெட்டியில் போய் உட்கார்ந்தாள். வேறு வழக்கறிஞரைப் பார்க்கலாமா என்று ரெஜ்ஜிடம் கேட்டாள். "வேற ஆளு வந்தா சிரிக்க மாட்டானா?" என்றான் ரெஜ்.

தீர்ப்பு வசந்தத்தில் வந்தது. பிரபுக்கள் சபையின் சிவப்புத் தோல் இருக்கைகளுக்கு நடுவே ஐந்து முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, தம் முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அமைச்சரின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட வேண்டும் என்றார் முதலாமவர். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாமவரும். நான்காவதாக எழுந்தவர் சாம்பல் கோட்டுக்காரர்: மேல்முறையீட்டை ஏற்க வேண்டும் என்றார். ஐந்தாமவர் மேவிஸ் பக்கம். ஜெயித்தாகிவிட்டது.

மேவிஸுக்குக் கண்ணில் நீர் வந்தது. அதை ஃபென்விக் பார்க்காதபடி துடைத்துக்கொண்டாள். "ஒரே வீட்டுச் சோறு சாப்பிட்டும் நாலு பேரு அவங்களைத் தப்புன்னு சொல்லிட்டாங்களே," என்று முணுமுணுத்தாள். நடைபாதையில் வழி காட்டிய மனிதர் எதிர்த்துச் சொன்னதில்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த அன்பு, இந்த எதிர்ப்பு, இரண்டும் அவர் உண்மையாகச் செய்ததுதான் என்று பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் சந்தேகம் அநியாயமோ என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தாள். ஃபென்விக்குக்குத் தன் சாண்ட்விச்சில் பாதி கொடுத்தாள்.

அமைச்சர் போட்டது ஒரே உத்தரவு என்பதால், மற்ற எட்டு ஊர் மாடங்களும் தப்பின. வடக்கே ரேவன்பி என்ற ஊரில் படகுகளுக்கெல்லாம் கொடி கட்டினார்களாம்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒரு நாள் பாடத்துக்கு வந்த ஃபென்விக் காரில் ஏறி, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டு வருது," என்றார். "விசாரணை வைக்காம மூடினது சரிதான்னு. உத்தரவு போட்ட நாள்லேர்ந்தே செல்லும்னு."

"கோர்ட்டு தப்புன்னு சொல்லிடுச்சே?"

"அன்னைக்கு இருந்த சட்டப்படி தப்பு. சட்டத்தை மாத்திட்டா?"

"யாரு மாத்தறது?"

"நாடாளுமன்றம். அதுக்கு மேல இங்க யாருமில்ல. கோர்ட்டும் அதுக்குக் கீழதான்."

"நாடாளுமன்றத்துல யாரு பேச்சு நடக்கும்?"

ஃபென்விக் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்தார். "யாருக்குப் பெரும்பான்மை இருக்கோ அவங்க பேச்சு. அதாவது அரசாங்கம்."

"அப்போ தோத்தவனே போய், ஆட்டம் முடிஞ்சப்புறம், விதியை மாத்தி நான்தான் ஜெயிச்சேன்னு சொல்லிக்கலாம்?"

"ஆமா."

"இது எனக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். செய்ய மாட்டாங்கன்னு நினைச்சேன். பொதுவா வெக்கப்படுவாங்க."

"வெக்கமா!" என்றாள் மேவிஸ். "இந்த நாட்டையே வெக்கத்தை நம்பியா விட்டு வெச்சிருக்கீங்க?" ஃபென்விக் சாவியை உருவி அவளிடம் கொடுத்தார். அன்று பாடம் நடக்கவில்லை.

மசோதா மக்கள் சபைக்கு வந்த நாளில் மேவிஸ் தனியாக லண்டன் போனாள். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். பச்சை இருக்கைகள் பாதிக்கு மேல் காலி. எதிர்க்கட்சிப் பெண் ஒருவர் நன்றாகத்தான் பேசினார்; கேட்கத்தான் ஆள் இல்லை. பிறகு ஓட்டெடுப்புக்கு மணி அடித்தது. எங்கெங்கிருந்தோ உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு. ஒரு சொல்கூடக் கேட்காதவர்கள், நேராகத் தங்கள் கட்சி போகிற கதவை நோக்கி நடந்தார்கள். ஆதரவுக்கு ஒரு கதவு, எதிர்ப்புக்கு ஒரு கதவு. அந்தக் கூட்டத்தில் மார்ச்பேங்க்ஸின் பளபளக்கும் கன்னத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அவர் ஆதரவுக் கதவுக்குள் போனார்.

சீட்டு எழுதிக் கொடுத்து, நடுக்கூடத்தில் அவரை வரவழைத்தாள். வந்தார். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை.

"எந்தக் கதவு வழியா போனீங்கன்னு பாத்தேன்," என்றாள்.

"மேவிஸ், கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க. நான் ஒருத்தன் எதிர்த்திருந்தாலும் சட்டம் நிறைவேறியிருக்கும். கட்சியைப் பகைச்சுக்கிட்டா அப்புறம் உங்களுக்கு ஒரு நல்லதும் பண்ண முடியாது."

"இப்ப என்ன நல்லது பண்ணீங்க?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பொறுங்க. இது இன்னும் பிரபுக்கள் சபைக்குப் போகணும். ஸ்கார்த்விக் கைவிடப்படாது. இதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க."

"ஸ்கார்த்விக் மட்டுமா?" என்று கேட்டாள். அவருக்குப் போக வேண்டிய வேலை வந்துவிட்டது.

அவர் சொன்னபடியே நடந்தது. பிரபுக்கள் சபையில் மசோதாவின் வாலில் ஒரு வாக்கியம் சேர்ந்தது: ஏற்கெனவே வழக்குப் போட்டுத் தீர்ப்புப் பெற்றவர்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. வழக்குப் போட்டது ஒரே ஊர். ஸ்கார்த்விக் மாடம் பிழைத்தது. மற்ற எட்டும் மூடப்பட்டன.

அந்த வாக்கியத்தை யார் சேர்த்தது? மார்ச்பேங்க்ஸ், தான்தான் அமைச்சரிடம் பேசி வாங்கினேன் என்றார். ஃபென்விக், ஒரு வயதான பிரபு தீர்ப்பு வாங்கியவளிடமிருந்து அதைப் பிடுங்குவது அசிங்கம் என்று அடம்பிடித்ததாகச் சொன்னார். செய்தித்தாள்காரர் ஒருவரோ, சத்தம் போடத் தெரிந்த ஒரே ஆளின் வாயை அடைக்க அரசாங்கமே போட்ட எலும்புத்துண்டு அது என்றார். மேவிஸுக்கு மூன்றும் நம்பும்படியாகவே இருந்தன. மூன்றையும் அவள் நம்பவில்லை.

ஊர் மதுக்கடையில் கொண்டாட்டம் வைத்தார்கள். ரெஜ் பிடித்த நண்டில் செய்த சாண்ட்விச்சுகள் தட்டுத் தட்டாக இருந்தன. ஆர்தர் பெல் எழுந்து ஏதோ பேச முயன்று அழுதுவிட்டார். மேவிஸ் ஒரு மூலையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஜெயிச்சுட்டு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்றான் ரெஜ்.

"நம்மள வாங்கிட்டாங்க, ரெஜ். எதைக் கொடுத்து வாங்கினாங்கன்னு தெரியுது. எதுக்காகன்னும் தெரியுது. நாம எப்ப வித்தோம்னுதான் தெரியல."

அடுத்த ஞாயிறு வாசல் மணி அடித்தது. மழைக்கோட்டில் ஒல்லியான ஒரு பெண். மேவிஸின் வயசுதான் இருக்கும். பெயர் வின்னி ரட்டர், ரேவன்பியிலிருந்து வருகிறேன் என்றாள். இரண்டு மகன்களும் கடலில் தொழில் செய்கிறவர்கள். உள்ளே கூப்பிட்டதற்கு வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்," என்றாள் வின்னி. "உங்களுக்கு என்ன தரேன்னு சொன்னாங்க?"

"யாரு?"

"அது உங்களுக்குத்தான் தெரியும். ஒன்பது ஊரும் ஒண்ணா ஜெயிச்சோம். இப்ப எட்டு ஊரு தோத்தாச்சு. உங்க எம்.பி. ஆளுங்கட்சி. நீங்க அவரைத் தனியா பாத்துப் பேசினீங்கன்னு பேப்பர்லயே வந்திருக்கு."

மேவிஸ் வாயைத் திறந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. எதைச் சொன்னாலும் குற்றவாளி சொல்கிற மாதிரியே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்படிக் கேட்கிற இடத்தில் தான் இருந்திருந்தால், எந்தப் பதிலையும் ஏற்றிருக்க மாட்டாள்.

"ஒண்ணும் தரேன்னு சொல்லல. நீங்க நம்ப மாட்டீங்க," என்றாள் கடைசியில்.

"மாட்டேன்," என்று வின்னி திரும்பி நடந்தாள்.

அந்த வாரமே ரேவன்பியில் ஊர்க் கூட்டம் என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் மேவிஸ் போய் நின்றாள். அவள் யாரென்று தெரிந்ததும் பின்வரிசையில் ஒருவன், "கோட்டு புதுசா, அம்மா?" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது.

"பதினோரு வருஷத்துக் கோட்டு. லைனிங் கிழிஞ்சிருக்கு, வந்து பாரு," என்றாள் மேவிஸ். "சட்டத்துல அந்த வரியை யாரு சேர்த்தாங்கன்னு எனக்குத் தெரியாது. மூணு பேரு மூணு விதமா சொல்றாங்க. நான் கேக்கல. ஆனா வேண்டாம்னும் சொல்லல. சொல்லியிருக்க முடியுமான்னு தெரியாது. சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. என் புருஷன் கடல்ல இருக்கான். அவ்வளவுதான். உங்க மாடத்துக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. குன்று மேல காரை நிறுத்தக் கூடாதுன்னு இன்னும் எந்தச் சட்டமும் வரல. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாடம் கிடையாது. தொலைநோக்கி இருக்கறவங்க வாங்க."

யாரும் கை தட்டவில்லை. ஞாயிறன்று காலை, கூரையில் 'பழகுநர்' பலகை வைத்த அவள் சின்னக் கார், ரேவன்பி குன்றின் மேல் கடலைப் பார்த்து நின்றது. வெகுநேரம் அவள் மட்டும் இருந்தாள். பிறகு பக்கத்துக் கதவு திறந்தது. வின்னி ரட்டர் ஏறி உட்கார்ந்தாள். தேநீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டாள், மேவிஸுக்கு ஊற்றவில்லை.

"நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கத்தான் வந்தேன், மிசஸ் ஹோல்ராய்ட்," என்றாள்.

"நல்லது. அந்தப் பக்கம் உங்களோடது. நான் தெற்கே பாக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. குளிர்காலம் வருவதற்குள் முறை போட்டுக் காவல் இருக்கிற அளவுக்கு ஆள் சேர்ந்தது. தேநீர் இரண்டாவது மாதத்தில் கிடைத்தது. 'மேவிஸ்' என்று கூப்பிட வின்னிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அடுத்த தேர்தலில் மார்ச்பேங்க்ஸ் தோற்றார், அவர் கட்சியும் தோற்றது. எட்டு மாடங்களையும் திறப்போம் என்று சொல்லி வந்த புதிய அரசாங்கம், வந்த பிறகு பரிசீலிக்கிறோம் என்றது. பரிசீலனை முடிந்ததாக யாரும் சொல்லவில்லை. ஃபென்விக் ஆறாவது முறையாக ஓட்டுநர் தேர்வுக்குப் போய்ப் பாஸானார்.

சில வருஷங்கள் கழித்து ஸ்கார்த்விக் மாடத்துக்கும் முறை வந்தது. இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. விசாரணை அதிகாரி ஊருக்கே வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள். மேவிஸ் ஒரு காலை முழுக்கப் பேசினாள், யாரும் குறுக்கிடவில்லை. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "ரொம்ப உபயோகமா இருந்தது, மிசஸ் ஹோல்ராய்ட்" என்றார். கோடைக்குள் மாடத்தை மூடினார்கள். ஃபென்விக் விசாரணைக் கோப்பு முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, வழக்குப் போட ஒரு காரணம்கூட இல்லை என்றார்.

விசாரணை நடந்த அன்று வின்னி ரேவன்பியிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் இருவரும் கடற்சுவரில் சாய்ந்து பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள்.

"நல்லாக் கேட்டான் அந்த அதிகாரி," என்றாள் வின்னி.

"ரொம்ப நல்லாக் கேட்டான். அதான் எனக்குப் பிடிக்கல."

"இனிமே சனிக்கிழமை இங்க, ஞாயித்துக்கிழமை அங்கயா?"

"பெட்ரோலுக்கு உன் பங்கு தருவியா?"

"பாக்கலாம்," என்றாள் வின்னி. மேவிஸ் உருளைக்கிழங்குப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். கீழே ரெஜ் படகைக் கரைக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்; முடிச்சு சரியாக விழுந்ததா என்று இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.